டோக்கியோ சுஷி கடை: போய் வந்தவங்க கொஞ்சம் உதவுங்க

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாசம் டோக்கியோ போறோம். அங்க கின்சாங்கற பகுதியில மொத்தமே 8 பேர் உட்காரக்கூடிய ஒரு சுஷி கடையில எனக்கும் மனைவிக்கும் இடம் கிடைச்சிருக்கு. ரொம்ப நாள் ஆசை. மெனு கிடையாது, ஒமகாசே முறை. அன்னைக்கு எந்த மீன் நல்லா இருக்கோ, அதை சின்ன சோத்து உருண்டை மேல வச்சு, சமையல்காரரே ஒவ்வொரு சுஷியா கையால பிடிச்சு முன்னாடி வைப்பார்.

என் கவலை இதுதான். மனைவிக்கு இறால், நண்டு ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடிச்சிடும். முன்பதிவு பண்ணும்போது இதைச் சொல்ல விட்டுட்டேன். கடைசியில தர்ற தமாகோவுல, அதாவது முட்டையில, பழைய எடோ (டோக்கியோவோட பழைய பேர்) முறைப்படி இறாலை அரைச்சு சேர்க்கறதும் உண்டு. பார்த்தா தெரியவே தெரியாது. அதான் பயமா இருக்கு. தங்கப்போற ஹோட்டல்ல சொல்லி, இப்பவே கடைக்குப் போன் பண்ணச் சொல்லலாமா? ஜப்பானிய மொழியில எழுதிக் கொண்டுபோக ஒரு வரி யாராவது தர முடியுமா?

இன்னொண்ணு. சோறு இளஞ்சூட்டுல இருக்கும்போதே சாப்பிடணும், சென்ட் போட்டுட்டுப் போகக்கூடாது, டிப்ஸ் வேண்டாம், இதெல்லாம் தெரியும். சமையல்காரரே சாஸ் தடவித் தந்தா மறுபடி தொட்டுக்கக் கூடாதுதானே? போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுக்கலாமா?

நேர்ல போனவங்க சொன்னா பெரிய உதவியா இருக்கும்.