பழைய நீராவி இன்ஜின் வார்ப்பு: சிலிண்டர் துளை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது, மையம் எங்கே எடுப்பது?

கேட்டவர்:
பல வருஷமாகப் பெட்டியில் கிடந்த, மாடல் இன்ஜின் செய்வதற்கான கடையாத வார்ப்பு செட் ஒன்று கைக்கு வந்தது. ஒற்றை சிலிண்டர் செங்குத்து நீராவி இன்ஜின், ஸ்லைடு வால்வு வகை. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 3/4 அங்குலம், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) அதே 3/4. கூடவே பழுப்பேறிய வரைபடத்தின் நகல் ஒன்று. சிலிண்டர் வார்ப்பிரும்பு, நடுவில் கோர் (துளை விழுவதற்காக அச்சுக்குள் வைக்கும் மணல் உருளை) வைத்து வார்த்த துளை சுமார் 16 மி.மீ. இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் அந்தத் துளை நடுவில் இல்லை, வால்வு முகம் (ஸ்லைடு வால்வு உரசி ஓடும் தட்டைப் பரப்பு) இருக்கிற பக்கமாக ஒன்றரை மி.மீ. தள்ளி இருக்கிறது. போதாததற்கு ஃபிளாஞ்ச் (முனையில் மூடி பொருத்தும் விளிம்பு) ஓரத்தில் அரம் வழுக்குகிறது, கண்ணாடியைத் தேய்த்த மாதிரி. ட்ரில்லைப் போட்டுத் துளையைப் பெரிதாக்கிவிட்டு ரீமர் (துளையைக் கடைசி அளவுக்குக் கொண்டுவரும் கருவி) விடலாமா? வார்ப்பைத் தூக்கிப் போட மனசில்லை, மாற்று கிடைக்காது.

பதில்:
ட்ரில் வேண்டாம், தயவுசெய்து! ட்ரில் ஏற்கெனவே இருக்கிற துளையின் வழியேதான் போகும், ரீமரும் அதன் பின்னாலேயே போகும். கடைசியில் அளவு சரியாக இருக்கும், இடம் தப்பாக இருக்கும். ஒற்றை முனை போரிங் டூல் மட்டும்தான் நீங்கள் சொன்ன மையத்தில் வெட்டும்.

கணக்கைப் பாருங்கள். 3/4 அங்குலம் என்றால் 19.05, அதில் பாதி 9.525. துளையின் ஆரம் 8, ஒதுக்கம் 1.5, ஆக வால்வு பக்கத்துத் துளை விளிம்பு வெளிவடிவத்தின் மையத்திலிருந்து 9.5-இல் நிற்கிறது. அந்த மையத்திலேயே போர் செய்தால் அந்தப் பக்கம் வெட்ட 0.025தான் மிச்சம், வார்ப்பு மணலும் மேல்தோலும் அப்படியே சுவரில் நின்றுவிடும். அதனால் தவறை இரண்டு பக்கமும் பங்கு போடுங்கள், மையத்தை 0.7 மி.மீ. வால்வு பக்கமாக நகர்த்துங்கள். அந்தப் பக்கம் முக்கால் மி.மீ. அளவுக்கு வெட்டக் கிடைக்கும். பின்பக்கச் சுவர் தடிமனாகும், அதை யார் பார்க்கப்போகிறார்கள்.

கேட்டவர்:
அப்படி நகர்த்தினால் வால்வு தண்டு எக்சென்ட்ரிக்கோடு (அதை ஆட்டும், மையம் விலகிய வட்டு) நேராக நிற்காதே அண்ணா?

அதே பதிலாளர்:
நல்ல கேள்வி, இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். போரின் மையத்துக்கும் வால்வு முகத்துக்கும் உள்ள தூரம் வரைபடத்தில் சொன்னபடியே இருக்க வேண்டும். மையம் 0.7 நகர்ந்தால் முகமும் 0.7 வெளியே வரணும், அதாவது முகத்தில் அவ்வளவு குறைவாகச் சீவுங்கள். முகத்தில் எவ்வளவு கூடுதல் இரும்பு விட்டிருக்கிறார்கள் என்று முதலில் அளந்து பாருங்கள்.

குறிக்கும் முறை: துளையில் ஒரு மரக்கட்டையை அடித்து அடைத்து, முனையில் சுண்ணாம்பு பூசி, புது மையத்தைப் போட்டு 19.05 வட்டம் வரையுங்கள். வட்டம் எல்லா இடத்திலும் இரும்பின் மேல் ஓடுகிறதா? சிலிண்டரின் இரண்டு முனையிலும் பாருங்கள், கோர் சாய்ந்தும் இருக்கலாம்.

இன்னொருவர்:
வழுக்குகிற ஓரம் பற்றி. மெல்லிய இடம் அச்சில் சீக்கிரம் ஆறி வெள்ளை இரும்பாகிவிட்டது (கடினமான, நொறுங்கும் வார்ப்பிரும்பு), அவ்வளவுதான். கார்பைடு டிப் (மிகக் கடினமான வெட்டுமுனை) போடுங்கள், முதல் வெட்டிலேயே தோலுக்கு அடியில் ஆழமாக இறங்குங்கள், மெதுவாக, உலர்வாக. சூடு பண்ணும் வேலையெல்லாம் தேவையில்லை.

முதல் பதிலாளர்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். கார்பைடு சீவிவிடும், சரி. அப்புறம் அதே ஃபிளாஞ்சில் ஸ்டட்டுக்கு (மூடியைப் பிடிக்கும் மரைத்தண்டு) டேப் போட்டு உள்மரை வெட்டணுமே? 7 பிஏ (பழைய பிரிட்டிஷ் சிறு மரை வகை) டேப் 2.5 மி.மீ. தான், வெள்ளை இரும்பில் ஒடிந்து உள்ளேயே நின்றால் அதை எடுக்கிற பாடு எதிரிக்கும் வேண்டாம். சிவக்கச் சூடு பண்ணி, ஒரு மணி நேரம் அதே சூட்டில் வைத்து, சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க ஆற விடுங்கள். எதையும் வெட்டுவதற்கு முன்னால், ஏனென்றால் கொஞ்சம் கோணும், மேலே செதிலும் வரும்.

மூன்றாமவர்:
வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கவில்லையே? நகல் எடுத்த தாள் சுருங்கியிருக்கும். எழுதியிருக்கிற எண்ணை மட்டும் நம்புங்கள். அப்புறம் பிஏ மரைக்குப் பதில் மெட்ரிக் போடுவதென்றால் முழுசாகப் போடுங்கள், கலக்க வேண்டாம். பிஏ-வின் கோணம் 47.5 டிகிரி, மெட்ரிக்குக்கு 60, 7 பிஏ நட் எம்2.5-இல் ரெண்டு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும், நாமும் பொருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

கேட்டவர்:
அளந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஃபிளைவீல் 3 அங்குலம் என்று எழுதியிருக்கிறது, தாளில் 74 மி.மீ. தான் வருகிறது. நல்லவேளை அதை வைத்து எதையும் வெட்டவில்லை.

கேட்டவர் (பத்து நாள் கழித்து):
சூடு பண்ணி ஆற வைத்தேன், இப்போது அரம் கடிக்கிறது. லேத்தின் நாலு தாடை சக்கில் அலுமினியத் துண்டு வைத்துப் பிடித்து, புது மையத்துக்கு ஓட்டிப் பார்த்துப் போர் செய்தேன். முதல் சில வெட்டு பின்பக்கம் மட்டும் டக் டக் என்று இடித்தது, பயமாகத்தான் இருந்தது, அப்புறம் சுற்றிலும் வெட்ட ஆரம்பித்தது. தோல் எங்கேயும் மிச்சமில்லை. ஆனால் கடைசியில் 19.08 வந்துவிட்டது. கெடுத்துவிட்டேனா?

முதல் பதிலாளர்:
இல்லை தம்பி. பிஸ்டனையும் மூடியின் உள்வட்டத்தையும் இந்தத் துளைக்கு ஏற்றபடி கடையுங்கள், வரைபடத்துக்கு அல்ல. சக்கிலிருந்து இன்னும் எடுக்கவில்லையென்றால் அதே பிடிப்பில் முன் முகத்தையும் சீவிவிடுங்கள், துளைக்கு நேர் செங்குத்தாக வரும். எடுத்துவிட்டீர்களா?

கேட்டவர்:
இன்னும் சக்கில்தான் இருக்கிறது. இதோ போகிறேன்.