மூன்று குவார்க் மாதிரியைப் பாடத்திலிருந்து தூக்கிவிடலாமா?

துகள்பித்தன்:
"மூன்று குவார்க் மாதிரி காலாவதி, பாடத்திலிருந்தே எடுத்துவிடலாம்" என்று போன வாரம் ஒருவர் இங்கே எழுதியிருந்தார். மனசு ஒப்பவில்லை. புரோட்டானும் நியூட்ரானும் மூன்று மூன்று குவார்க்குகளால் ஆனவை என்பதே அந்த மாதிரி. அவற்றின் காந்தத் திருப்புத்திறன்களின் (காந்தம் போல நடக்கும் வலிமையின்) விகிதம் -3/2 என்கிறது அது. அளந்தால் -1.46. மூன்று குவார்க்கைச் சமச்சீராக அடுக்கியதற்கே இவ்வளவு நெருங்கி வருகிறதே!

அலைச்சாரல்:
எழுதியது நான்தான் சார். அதே சமச்சீர்தான் பீட்டா சிதைவின் (நியூட்ரான் புரோட்டானாக மாறுவதன்) வலிமையில் வரும் அச்சு மாறிலியை 5/3 என்கிறது. அளந்தது 1.27. அதையாவது விடலாம், ரோப்பர் என்ற, புரோட்டானின் கிளர்ந்த நிலையை எப்படி விடுவது? 1964-இல் பையான் (ஒரு லேசான மீசான் துகள்) சிதறல் தரவிலிருந்து வந்தது, நிறை 1440 எம்இவி (துகள் நிறையின் அலகு). குவார்க்குகளை வில்சுருளில் கட்டியது போல எண்ணும் அலையியற்றிக் கணக்கில் அது இரண்டு படி ஏறிய நிலை. எதிர்ப் பாரிட்டி (இடத்தைத் தலைகீழாக்கினால் வரும் குறி எதிராக இருப்பது) உள்ள 1535 எம்இவி நிலை ஒரே படிதான். அப்படியானால் ரோப்பர் 1535-க்கு மேலே இருக்க வேண்டும். இருப்பதோ கீழே. குவார்க்குகளைச் சுற்றியுள்ள மீசான் மேகத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

துகள்பித்தன்:
மேகமே இல்லை என்று யார் சொன்னது தம்பி? அதன் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் புரோட்டானை எலக்ட்ரானால் அடித்து ரோப்பராக்கிப் பார்த்தார்கள். எலக்ட்ரான் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதைச் சொல்லும் Q² கூடக் கூட இன்னும் நுணுக்கமாக உள்ளே தெரியும். 0.5 ஜிஇவி² பக்கத்தில் புரோட்டான் ரோப்பராகும் மாற்றத்தின் வீச்சு குறி மாறுகிறது. அதற்கு மேலே போனால், குவார்க் கருவின் ஆரக் கிளர்ச்சி (உள்ளும் புறமும் விரிந்து சுருங்குவது) எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடக்கிறது. மேகத்தின் பங்கு Q² குறைந்த பக்கம்தான் பெரிது.

இளவேனில்:
நான் கேயான்–லாம்டா (விசித்திரக் குவார்க் உள்ள இரு துகள்கள்) தரவில் வேலை செய்தவள். மாதிரி சொன்ன பல நிலைகள் பையான் சிதறலில் தட்டுப்படவில்லை. அவை பையானோடு ஒட்டாமல் இருக்கலாம், வேறு வாசலில் தேடுங்கள் என்று 1980-லேயே சொன்னார்கள். ஃபோட்டான் புரோட்டானில் மோதினால் கேயானும் லாம்டாவும் வருகின்றன. லாம்டா சில சென்டிமீட்டர் போய்ப் புரோட்டானாகவும் பையானாகவும் உடையும். லாம்டாவின் ஸ்பின் (தற்சுழற்சி) எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் புரோட்டான் அதிகமாகப் பறக்கும். ஸ்பினைத் தெரிந்துகொள்ளத் தனிக் கருவியே வேண்டாம்! முதல் தடவை அந்தக் கோணப் பரவலை வரைந்து, சாய்வு கண்ணுக்குத் தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. 1900 எம்இவி நிலை உறுதிப்பட்டதில் இந்தத் தரவுக்குப் பெரிய பங்கு.

அலைச்சாரல்:
அந்தச் சாய்வை ஸ்பினாக மாற்றும் எண் பல காலம் 0.642 என்றே இருந்தது. 2019-இல் பெய்ஜிங்கின் பெஸ்–3 குழு 0.750 என்றது. பழைய முனைவாக்க மதிப்புகள் (ஸ்பின் ஒரு பக்கமாகச் சாயும் அளவுகள்) சுமார் 14 சதவீதம் இறங்குமே அக்கா? அவற்றின் மேல் கட்டிய நிலைகள் தாங்குமா?

இளவேனில்:
நியாயமான கேள்வி. இறங்குவது எல்லாக் கோணத்திலும் ஒரே விகிதத்தில். வளைவின் வடிவம் அப்படியே இருக்கும், உயரம்தான் குறையும். ஒவ்வொரு நிலையும் கேயான்–லாம்டாவோடு ஒட்டும் இணைப்பு வலிமைகளை மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் 1900-க்குத் துகள் தரவுக் குழு கொடுத்த நான்கு நட்சத்திரம் (நிலை இருப்பது உறுதி என்ற உச்ச மதிப்பு) இன்னும் அப்படியே இருக்கிறது.

அலைச்சாரல்:
சரி அக்கா, பாடத்திலிருந்து எடுக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 1440-ஐயும் 1535-ஐயும் அந்த அலையியற்றிப் படிகளில் வரைந்து காட்டும் ஆசிரியர், எது மேலே எது கீழே என்று அதே வகுப்பிலேயே சொல்ல வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.