அப்பாவுக்குச் சில்லுமூக்கு உடையுது, சூடுதானா?

வேலூர்வெயில்:
அப்பாவுக்கு 63 வயசு. போன அக்டோபர்ல இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழல்) வெச்சாங்க. அதுலேர்ந்து ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ரெண்டு மாத்திரையும் ஓடுது. இந்த வாரத்துல மூணாவது தடவையா நேத்து விடியக்காலம் சில்லுமூக்கு உடைஞ்சது, வலது பக்கம் மட்டும். அம்மா "எல்லாம் சூடு"ன்னு அண்ணாந்து பார்க்கச் சொல்லி உச்சந்தலையில ஒரு செம்பு தண்ணி ஊத்தினாங்க. ரத்தம் தொண்டைக்குள்ள இறங்கி வாந்தியா வந்தப்போ எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பிரஷர் 170/100. அப்பாவோ "மாத்திரைதான் ரத்தத்தைத் தண்ணியாக்குது"ன்னு இன்னைக்குக் காலையிலேர்ந்து ரெண்டையும் நிறுத்திட்டார். ஏதாவது சொன்னா பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கிறார்.

பழையநர்ஸ்:
மொதல்ல மாத்திரை. ஸ்டென்ட் வெச்சு ஒரு வருஷம்கூட ஆகலை, அதுல ரத்தம் கட்டிக்கிட்டா மாரடைப்பு. இப்பவே இதய டாக்டருக்குப் போன் போடுங்க, அவர் சொல்லாம ஒண்ணையும் நிறுத்தக் கூடாது.

அண்ணாந்தா ரத்தம் நிக்காது, உள்ளே போகும், அவ்வளவுதான். உட்கார்ந்து முன்னால குனியணும். மூக்கு எலும்புக்குக் கீழே மெத்துனு இருக்கிற இடத்தை ரெண்டு விரலால அழுத்திப் பிடிச்சு, வாயால மூச்சு விட்டுக்கிட்டு 15 நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்து. கேஷுவாலிட்டியில 20 வருஷம் பார்த்திருக்கேன், ரெண்டு நிமிஷத்துக்கொரு தரம் விட்டு விட்டு எட்டிப் பார்க்காதவங்களே கிடையாது! அதுக்கும் நிக்கலைன்னாலோ, பிடிச்சிருக்கும்போதே தொண்டையில வழிஞ்சாலோ உடனே ஆஸ்பத்திரி. வயசானவங்களுக்கு மூக்கோட பின்பக்கத்துலேர்ந்து வர ரத்தம் லேசுல அடங்காது.

ரத்தத்தைப் பார்த்த பயத்துலயே பிரஷர் ஏறும். அடங்கினதும் மறுபடி பாருங்க.

மதுரைமாமா:
வெங்காயத்தை நறுக்கி மோந்து பார்க்கச் சொல்லும்மா.

பழையநர்ஸ்:
மாமா, அதைச் சாம்பார்ல போடுங்க.

ரெட்டைவால்அம்மா:
எங்க பையனுக்கு 6 வயசுல இப்படித்தான். மூக்கு நோண்டுறான்னு திட்டிக்கிட்டே இருந்தேன். குளிப்பாட்டும்போது பார்த்தா கணுக்கால் முழுக்கச் சிவப்புப் புள்ளி, ஈறுலயும் ரத்தம். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணு 11,000தான். ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணுமாம். ரெண்டு வாரம் முன்னால வந்த வைரல் காய்ச்சலுக்கப்புறம் உடம்பே தன் பிளேட்லெட்டை அழிக்குதுன்னாங்க. இப்ப சரியாயிட்டான். திட்டினதுதான் இன்னும் உறுத்துது. அப்பா உடம்புல எங்கயாவது காரணமில்லாம கன்றிப்போயிருக்கான்னு பாருங்க.

வேலூர்வெயில்:
போயிட்டு வந்தோம். கன்றல் எதுவும் இல்லை, பிளேட்லெட் சரி. ரெண்டு மூக்குக்கும் நடுவுல இருக்கிற தடுப்போட முன்பக்கத்துல ஒரு சின்ன ரத்தக்குழாய்தானாம். சில்வர் நைட்ரேட் குச்சியால சுட்டு விட்டாங்க. "ஏசி எங்கே இருக்கு?"ன்னு டாக்டர் கேட்டார். போன மாசம்தான் அப்பா கட்டிலுக்கு நேரே மாட்டினோம், அந்த வறண்ட காத்துல மூக்கு காய்ஞ்சு வெடிச்சிருக்கு. உப்புத்தண்ணி ஸ்ப்ரே கொடுத்திருக்காங்க. இதய டாக்டர் ரெண்டு மாத்திரையும் தொடரச் சொல்லிட்டார். பிரஷர் 138/84. கட்டிலை நகர்த்தியாச்சு. அம்மா மட்டும் "ஏசியும் ஒரு சூடுதான்"ங்கிறாங்க.