புதுப்பிப்பு: மேசை நாற்காலி வந்து இறங்கிவிட்டது

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் நாற்காலிகள் உடைந்து கிடப்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? சனிக்கிழமை லாரி வந்தது. பட்டர்வொர்த்தில் காலி செய்த ஓர் அலுவலகத்தின் மேசை நாற்காலிகள்.

"அரசாங்கம் தராதா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. கட்டடமும் தளவாடமும் பெரும்பாலும் பள்ளி மேலாளர் வாரியத்தின் தலையில்தான்.

ஒரு சிக்கல். அலுவலக மேசை, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மோவாய் வரை வந்தது. அப்புறம் அப்பாமார்கள் கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் வேலை) போட்டுக் கால்களை அறுத்து, அடியில் ரப்பர் மூடி மாட்டினோம். இரண்டு மேசைகள் இன்னும் ஆடுகின்றன. சரி, அட்டையை மடித்துச் செருகியாயிற்று.

"அப்பா, இப்ப பினாபோர் ஆணியில மாட்டல" என்று தன் பள்ளிச் சீருடையைக் காட்டிச் சொன்னாள் மகள். பழைய நாற்காலியின் ஆணியைத்தான் சொல்கிறாள்.

நூலக அறைக்கு இன்னும் ஓர் அலமாரி வேண்டும். சும்மா கிடந்தால் சொல்லுங்கள், லாரியோடு நானே வருகிறேன்.