பனிக்காலத்தில் நாயுடன் அல்கோன்குவின்: வான் வண்டியில் இரண்டு இரவு தங்குவது சரியா?

வடக்கன்:
மாசி மாதத்தில் நாயை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள அல்கோன்குவின் பூங்காவில் இரண்டு இரவு தங்குவது, மனிதரின் பொழுதுபோக்குக்காக வாயில்லா உயிரை வருத்துவதாகும் என்று சென்ற கிழமை இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் மறுக்கிறேன். நாயோடு அந்தப் பூங்காவுக்குப் போக உகந்த காலம் எதுவென்று கேட்டால் தையும் மாசியும்தான் என்பேன். வைகாசி, ஆனியில் கறுப்பு ஈக்கள் நாயின் வயிற்றிலும் காதோரத்திலும் இரத்தம் கசியும்வரை கடிக்கின்றன; அவை ஓய்ந்தால் நுளம்பு; இலையுதிர் காலத்தில் உண்ணி; கரடிகள் நடமாடுவதால் நாயின் உணவுக் கிண்ணத்தைக்கூட இரவில் வெளியே விட முடியாது. உறைபனிக் காலத்தில் இந்தத் தொல்லைகள் இல்லை.

1893இல் நிறுவப்பட்ட இப்பூங்காவின் ஊடாக 60ஆம் இலக்க நெடுஞ்சாலை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் ஓடுகிறது. அதன் ஓரத்தில் உள்ள மியூ ஏரி முகாமில் பனிக்காலத்திலும் தங்கலாம். மின்னிணைப்புள்ள இடங்களும், சூடேற்றிய குளியலறைக் கட்டடமும் அங்கு உண்டு. ரொறன்ரோவிலிருந்து காலநிலை நன்றாக இருந்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய ஓட்டம். என் திட்டம் இதுதான்: சனிக்கிழமை முகாமுக்கு அருகிலுள்ள டூ ரிவர்ஸ் நடைபாதை, ஞாயிறு காலை லுக்அவுட் நடைபாதை. இரண்டும் தலா இரண்டு கிலோமீற்றர் அளவில்தான். நாய் இரண்டு மீற்றருக்கு மேற்படாத பிடிகயிற்றில் இருக்க வேண்டும். மிசி ஏரிப் பாதையில் அதற்கு எந்தப் பருவத்திலும் அனுமதி இல்லை. இவ்வளவு ஒழுங்கோடு போவதில் வதை எங்கே இருக்கிறது?

பொன்னி:
அதை எழுதியவள் நான்தான். உங்கள் நாய் ஹஸ்கி என்ற குளிர்நாட்டு இனத்தின் கலப்பு என்பதை முன்பு நீங்களே இங்கு சொல்லியிருக்கிறீர்கள். உள்மயிர், வெளிமயிர் என இரண்டு அடுக்கு உடைய நாய்க்குப் பொருந்துவதை எல்லா நாய்க்கும் பொருந்தும் என்று எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைப் போன்ற குட்டை மயிரும் ஒல்லியான வயிறும் கொண்ட நாய் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. மைனஸ் 10 டிகிரியில் வாசலைத் தாண்டிய சில நிமிடங்களில் அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்த விவாதத்தைப் படித்துவிட்டு அப்படிப்பட்ட நாயோடு கிளம்புகிறவர்களை நினைத்துத்தான் எழுதினேன்.

நடைப்பயணத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது இரவுதான். பிப்ரவரி நடுவில் அங்கே மாலை ஆறு மணிக்குள் இருட்டத் தொடங்கினால் மறுநாள் ஏழு மணிக்குத்தான் விடியும். உங்கள் திட்டத்தில் நடை இரண்டு மூன்று மணி நேரம், வேனுக்குள் அடைந்து கிடப்பது பதின்மூன்று மணி நேரம். நீங்கள் புத்தகம் படிப்பீர்கள், தேநீர் போடுவீர்கள். நாய்க்கு என்ன இருக்கிறது? உண்ணி பற்றியும் ஒரு திருத்தம்: நான்கு டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறிவிட்டால் குளிர்காலத்திலும் கருங்கால் உண்ணி விழித்துக்கொள்ளும். பனி இளகும் வார இறுதிகளில் நாயைத் தடவிப் பார்க்காமல் வேனில் ஏற்றாதீர்கள்.

பற்றரி மாமா:
தம்பி வடக்கன், பொன்னி பிள்ளை, இருவரும் நாயின் மயிரைப் பற்றிப் பேசுகிறீர்கள்; நான் வானின் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. வானைச் சூடாக்குவது எது என்று தெரியாமல், அதற்குள் எந்த உயிரும் தூங்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

புரொப்பேன் வாயுவை வானுக்குள்ளேயே எரிக்கும் சிறிய ஹீற்றர்களைப் பலர் கொண்டு போகிறார்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். அது யன்னலிலும் கூரைத் தகட்டிலும் பனியாகப் படிந்து, விடியற்காலையில் உருகிப் படுக்கையில் சொட்டும்; ஈரமான மெத்தையில் படுத்த நாய் உலர்ந்த நாயைவிட விரைவாகக் குளிர்ந்துபோகும். அதைவிடக் கொடியது கார்பன் மொனொக்சைட்டு என்ற மணமில்லாத நச்சு வாயு. அதைக் கண்டறிய வீட்டுக்கு விற்கப்படும் எச்சரிக்கைக் கருவிகளில் பல, நான்கு பாகைக்குக் கீழே ஒழுங்காக வேலை செய்யும் என்று உற்பத்தியாளரே உறுதி தருவதில்லை. ஆகவே வாகனங்களுக்கென்று தயாரிக்கப்பட்டதையே வாங்க வேண்டும். இயந்திரத்தை ஓட விட்டுத் தூங்குவது வேண்டவே வேண்டாம். இரவில் கொட்டும் பனி புகைக்குழாயின் வாயை மூடினால் புகை உள்ளே திரும்பும்.

எரிப்பறைக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியே தள்ளும் டீசல் ஹீற்றர், அல்லது முகாமின் மின்னிணைப்பில் இயங்கும் சிறிய மின் ஹீற்றர், இரண்டில் ஒன்று இருந்தால் தம்பியின் திட்டத்துக்கு நான் கை தூக்குவேன். டீசல் ஹீற்றரின் விசிறியும் பற்றரியில்தான் சுழல்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். லித்தியம் அயர்ன் பொஸ்பேற் பற்றரியைப் பூச்சிய பாகைக்குக் கீழே மின்னேற்றினால் அது நிரந்தரமாகப் பழுதாகும். அதை வானுக்கு உள்ளே, ஹீற்றரின் சூடு படும் இடத்தில் வையுங்கள்.

காட்டுவழி:
மின்னிணைப்பு, சூடேற்றிய குளியலறை என்று போனால் அதற்கு முகாம் என்று பெயர் எதற்கு? கனடாவில் வசிப்பவர்கள் ஒன்ராறியோவின் அரச காணிகளில் ஓர் ஆண்டில் ஒரே இடத்தில் 21 நாட்கள் வரை கட்டணம் இன்றித் தங்கலாம். முன்பதிவு தேவையில்லை, அயல் முகாமின் சத்தமும் இல்லை. தனிமை வேண்டும் என்பவர்கள் ஏன் மியூ ஏரியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?

பற்றரி மாமா:
கோடையில் நானும் அதையே செய்வேன். பனிக்காலத்தில் அந்தக் காணிகளுக்குப் போகும் மரம் ஏற்றும் பாதைகள் பலவற்றில் பனி அள்ளுவதில்லை. அங்கே வான் புதைந்தால் கைத்தொலைபேசியில் அலைவரிசை இல்லை, இழுவை வண்டி வர வழியில்லை. ஒன்ராறியோவில் கார்களுக்குப் பனிக்கால ரயர் சட்டப்படி கட்டாயம் இல்லை என்பதால், எல்லாப் பருவ ரயருடனேயே அப்படிப்பட்ட பாதையில் திரும்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு நாயும் இருந்தது.

வடக்கன்:
மாமா சொன்ன ஹீற்றர் நிபந்தனையை ஏற்கிறேன். என் வானில் இருப்பது வெளியே புகை விடும் டீசல் ஹீற்றர்தான். பொன்னி அக்காவுக்கு ஒரு பதில். நாயின் பாதம் நாம் நினைப்பதுபோல் குளிருக்கு நிராயுதபாணி அல்ல. பாதத்துக்கு இறங்கும் சூடான இரத்தம் மேலே திரும்பும் குளிர்ந்த இரத்தத்துக்கு வெப்பத்தைக் கொடுக்கும்படி அங்கே நாடிகளும் நாளங்களும் பின்னியிருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இரவு நேரம் பற்றிய உங்கள் கணக்கும் எனக்குச் சரியாகப் படவில்லை. நகரத்து அடுக்குமாடியில், நாங்கள் வேலைக்குப் போன பிறகு, அதே நாய் பகல் முழுவதும் தனியாகக் கிடக்கிறது. வானில் அது எங்கள் காலடியில் கிடக்கிறது. அதற்குத் தேவை இடமா, துணையா?

பொன்னி:
துணை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. பாதம் பற்றிய ஆய்வை மட்டும் நீங்கள் இழுத்து நீட்டுகிறீர்கள். பாதம் உறையாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. காது நுனி, வயிறு, விதைப்பை இவற்றைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. பாத மயிருக்கிடையே உருண்டு இறுகும் பனிக்கட்டியும், வாகன நிறுத்துமிடத்து உப்பும் தோலைக் கிழித்த பிறகு இரத்த ஓட்டம் என்ன செய்யும்? அந்த உப்பை நாய் நக்கி விழுங்குவது வேறு தொல்லை. தாகத்துக்குப் பனியைத் தின்னும் என்று தண்ணீர் வைக்காமல் விடுகிறவர்களும் உண்டு. பனியை உருக்க அதன் உடல் சூட்டைத்தானே செலவழிக்க வேண்டும்.

அடுத்தது நீங்கள் சொன்ன லுக்அவுட் பாதை. நீளம் குறைவுதான், ஆனால் ஏற்றம் செங்குத்து. நடந்து நடந்து இறுகிய பனி கண்ணாடியாக வழுக்கும்; மேலே பாறை விளிம்பில் தடுப்பு கிடையாது. இருபத்தைந்து கிலோ நாய் அணிலைக் கண்டு இழுத்தால், காலணியில் இரும்புப் பற்கள் மாட்டாதவர் எந்தப் பக்கம் போவார்? உறைந்த ஏரியும் அப்படித்தான். பத்து சென்டிமீட்டர் தடிப்புள்ள தெளிந்த நீலப் பனிக்கட்டி நடப்பதற்குப் போதும் என்பார்கள், வெள்ளைப் பனிக்கட்டியானால் அதன் இரு மடங்கு வேண்டும். நாய் அளந்து பார்த்துவிட்டு ஓடுவதில்லை, அதைப் பிடிக்க ஓடுகிறவரும் அளப்பதில்லை. காயம் பட்டால் நாயை மருத்துவரிடம் காட்ட ஹன்ட்ஸ்வில் ஊர் வரை கொண்டுபோக வேண்டும், பூங்காவின் மேற்கு வாசலிலிருந்தே அது நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

வடக்கன்:
லுக்அவுட் பாதையை விட்டுவிடுகிறேன். நாயோடு அந்த விளிம்பில் நிற்பதால் கிடைக்கும் இன்பம் எனக்குத்தான், அதற்கு இல்லை. இரண்டு நாளும் முகாமைச் சுற்றியுள்ள சமதரையிலேயே நடக்கலாம். ஏரிமேல் இறங்கப் போவதில்லை. குட்டை மயிர் நாய்க்கு மேலங்கியும் காலுறையும் போட்டு, நடையைப் பாதியாகக் குறைத்தால் அதுவும் வரலாம் என்பதே இன்னும் என் எண்ணம். மைனஸ் 20க்குக் கீழே போகும் என்று முன்னறிவிப்பு இருந்தாலோ, மின்னிணைப்புள்ள இடம் கிடைக்காவிட்டாலோ நானும் புறப்பட மாட்டேன்.

பொன்னி:
இந்த இரண்டு நிபந்தனைகளையும் முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் பாதி எழுதியிருக்க மாட்டேன். மேலங்கி பற்றி மட்டும் உடன்பட மாட்டேன். என் நாய் அதைப் போட்டுக்கொண்டும் காலைத் தூக்கித்தான் நிற்கிறது.