சார்ல்ஸ்டன்: மழை இல்லாமல் தண்ணீர் வந்ததா, இல்லையா?

உப்புக்காற்று:
அமெரிக்கத் தென்கிழக்குக் கரையில் வீடு தேடுகிறவருக்கு நேற்று கட்டடப்பித்தன் சொன்ன பதிலைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "சார்ல்ஸ்டன் பழைய நகருக்குள் குடியிருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். தண்ணீர் நிற்பதெல்லாம் மழை பெய்தால்தான், அது எந்த ஊரில் இல்லை?" என்கிறார். அங்கே ஆறு வருஷம் வாடகை கொடுத்தவன் நான். அக்டோபரில் ஒரு நாள் காலை, வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. தெருவோர வடிகால் மூடியில் முதலில் குமிழி வந்தது, அப்புறம் தண்ணீர், அப்புறம் விரல் நீளத்துக்கு ஒரு மீன். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி வேலைக்குப் போனேன். அன்று பௌர்ணமி, கடலேற்றம் அதிகம், அவ்வளவுதான். ஒரே கேள்வி: மழை பெய்யாமல் தண்ணீர் வந்ததா, இல்லையா?

கட்டடப்பித்தன்:
வந்துவிட்டார் ஐயா! ஒரு மீனுக்காக 1670-ல் உண்டான ஊரையே வேண்டாம் என்கிறார். அங்கே பழைய வீடுகள் ஓர் அறை அகலம்தான், தெருவுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கும். தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், நீளமான தாழ்வாரத்துக்குள் போவீர்கள். தெற்கையோ மேற்கையோ பார்த்த தாழ்வாரம், சாயங்காலம் துறைமுகக் காற்று நேராக உள்ளே வரும். ஏசி பிறக்கும் முன்பே செய்துவைத்த ஏசி. 1931-லேயே பழைய வட்டாரத்துக்கென்று சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள், அமெரிக்காவில் அதுதான் முதல். திண்ணையை இடித்து ஷட்டர் கடை கட்டிய பரம்பரைக்கு இது புரியாது.

உப்புக்காற்று:
தாழ்வாரத்தைப் பற்றி யார் கேட்டார்கள்? மழை பெய்யாமல் தண்ணீர் வந்ததா, இல்லையா?

சவானாக்காரி:
இதற்குத்தான் பக்கத்து ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவுக்கு வாருங்கள் என்கிறேன். 1733-ல் இடம் பார்த்தவர்கள் ஆற்றங்கரை மேட்டில், 40 அடி உயரத்தில், ஊரைப் போட்டார்கள். 24 சதுக்கம் வைத்தார்கள், 22 இன்னும் இருக்கிறது. ஓக் மரத்தில் பாசி தாடி மாதிரி தொங்கும், அடியில் பெஞ்சு. ஷூவைக் கையில் பிடிக்க வேண்டியதில்லை.

கட்டடப்பித்தன்:
அக்கா, சவானாவிலிருந்து கடல் 18 மைல். கடற்கரை நகரம் என்று நீங்களாகச் சொல்லிக்கொள்வதுதான். டைபீ தீவுக்குப் போகிற உங்கள் சாலையைக் கடலேற்றத்தில் தண்ணீர் மூடுவதில்லையா?

சவானாக்காரி:
அது சாலை. வீடு இல்லை. போன வருஷம் சார்ல்ஸ்டன் குதிரைவண்டி விவாதத்திலும் தம்பி இப்படித்தான் பேச்சை மாற்றினார். குதிரை மூத்திரம் பெய்த இடத்தில் வண்டிக்காரர் அடையாளம் போட்டுவிட்டுப் போவார், பின்னால் லாரி வந்து கழுவும். அந்த வாசனையையும் பாரம்பரியத்தில் சேர்த்தவர் இவர்.

உப்புக்காற்று:
குதிரையை விடுங்கள். கணக்காகவே சொல்கிறேன். 2019-ல் மட்டும் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கடலேற்றம், கடல் இறங்கி நிற்கிற மட்டத்திலிருந்து அளந்தால், 7 அடியை 89 தடவை தாண்டியது. காரணமும் ஒளிவுமறைவு இல்லை. ஆஷ்லி ஆற்றுக்கும் கூப்பர் ஆற்றுக்கும் நடுவில் இருந்த ஓடைகளையும் சேற்றுநிலத்தையும் தூர்த்துத் தெரு போட்டார்கள். சந்தை இருக்கிற இடமே ஓடையைத் தூர்த்த இடம். வாட்டர் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருக்கிறதே, பெயரைப் படித்தாவது புரிந்துகொள்ளக் கூடாதா? மழைநீர் ஆற்றுக்குப் போகிற குழாய் வழியாகவே ஆறு திரும்பி வருகிறது. இதில் மழை எங்கே?

கட்டடப்பித்தன்:
7 அடி என்பது சிறு வெள்ளக் கணக்கு. 8 தாண்டினால்தான் பெரியது. கணுக்கால் நனைந்ததை ஊழிக்காலம் மாதிரி எழுதுகிறீர்கள். 1886 பூகம்பத்தையும் 1989 ஹ்யூகோ புயலையும் தாங்கிய ஊர் அது. சுவருக்குக் குறுக்கே இரும்புக் கம்பி செருகி முறுக்கி நிமிர்த்தியிருக்கிறார்கள், வெளியே வட்டவட்டமாகத் தகடு தெரியும்.

உப்புக்காற்று:
சிறு வெள்ளம் என்று ஒப்புக்கொண்டீர்கள். சிறு மழை பெய்ததா?

கட்டடப்பித்தன்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாம்பலம்வாசி:
அண்ணன்மாரே, 2015 டிசம்பரில் எங்கள் தெருவுக்குப் படகு வந்தது. கணுக்கால் தண்ணீருக்கு இவ்வளவு சண்டையா? அது போகட்டும், அங்கே இறால் போட்டு கிரிட்ஸ் என்று தருகிறார்களே, அது நம் உப்புமாதானே?

சவானாக்காரி:
உப்புமா இல்லை. சோள நொய்யில் காய்ச்சிய கஞ்சி. கடுகு தாளிக்காத எதையும் உப்புமா என்று சொல்லாதீர்கள்.

மாம்பலம்வாசி:
கடுகு போடாத உப்புமா எங்கள் ஹாஸ்டலில் உண்டு.

கீற்று:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்தச் சந்தையில் புல்கூடை பின்னும் கல்லா சமூகப் பெண்களை, ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்களை, பார்த்திருக்கிறீர்களா? புல்லைக் கட்டாகச் சுருட்டி பனையோலைக் கீற்றால் தைப்பார்கள், நம் கொட்டான் ஞாபகம் வரும். அவர்களுடைய முன்னோர்கள் கப்பலில் வந்து இறங்கிய துறைகளில் ஒன்று கேட்ஸ்டன் வார்ஃப். அங்கே 2023-ல்தான் அருங்காட்சியகம் திறந்தார்கள். பித்தன் வியக்கிற வீடுகளின் செங்கல்லில் சில இடங்களில் விரல் தடம் இருக்கும், சின்ன விரல். அடிமைப் பிள்ளைகள் ஈரச் செங்கல்லைத் தூக்கி வைத்த தடம். என் சுண்டுவிரல்கூட அதில் முழுதாக நுழையவில்லை.

உப்புக்காற்று:
அது சரி. ஆனால் பித்தன் இன்னும் பதில் சொல்லவில்லை. மழை பெய்யாமல் தண்ணீர் வந்ததா, இல்லையா?

கட்டடப்பித்தன்:
வடிகால் கசிவுக்குப் பெயர் தண்ணீர் வருவது இல்லை.

உப்புக்காற்று:
கசிவில் மீன் வருமா? என் கார் பிரேக் துருப்பிடித்துப் போனதற்கு மெக்கானிக் ஒரே வார்த்தை சொன்னார்: உப்பு. மழைத்தண்ணீரில் உப்பு ஏது? இவர் குடியிருப்பதோ பாலத்துக்கு அந்தப் பக்கம் மவுண்ட் பிளசன்ட்டில். ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி வந்து கலர் வீடுகளுக்கு முன்னால் போட்டோ எடுப்பதற்கும் குடியிருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கட்டடப்பித்தன்:
விலாசத்தைப் பிடித்துக்கொண்டாரா, சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு கஷ்டப்பட்டவர் ஆறு வருஷம் ஏன் இருந்தார்? முதல் பௌர்ணமிக்கே பெட்டி கட்டியிருக்கலாமே?

உப்புக்காற்று:
தாழ்வாரம் நன்றாக இருந்தது. அது வேறு விஷயம்.

மாம்பலம்வாசி:
அந்த மீன் என்ன மீன் அண்ணே?

உப்புக்காற்று:
மடவைக் குஞ்சு மாதிரி இருந்தது. அன்றைக்கு மழை இல்லை என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டடப்பித்தன்:
பார்க்காமலே சொல்கிறேன், அது மடவையாக இருக்காது.