டவர் இல்லாத இடத்தில் கைபேசி ஜி.பி.எஸ்: தனிக் கருவி வாங்கத்தான் வேண்டுமா?

மைல்கல்:
கார் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கப்போகிறேன். “டவர் கிடைக்காத இடத்தில் கைபேசியின் ஜி.பி.எஸ். நின்றுவிடும், தனிக் கருவிதான் கதி” என்று நான்காம்கியர் நேற்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகுதான் முடிவு செய்தேன். 5 அங்குலத் திரை போதுமா, 7 அங்குலம் வேண்டுமா?

வரைபடப்பித்தன்:
திரை அளவு கிடக்கட்டும். அந்த வாக்கியத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை பேசுகின்றன, கைபேசி கேட்கிறது. அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் குரல் காதில் விழுந்தால் இடம் தெரிந்துவிடும். இதில் டவருக்கு என்ன வேலை?

நான்காம்கியர்:
ஏட்டுச் சுரைக்காய். மலைப்பாதையில் ஒருமுறையாவது வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? டவர் போனதும் என் கைபேசியில் சாலையே மறைந்துவிட்டது. சாம்பல் நிறத் திரை, நடுவில் ஒரு நீலப் புள்ளி. என் தனிக் கருவி அதே இடத்தில் அடுத்த வளைவைச் சொன்னது.

வரைபடப்பித்தன்:
நீலப் புள்ளி இருந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி. அந்தப் புள்ளிதான் ஜி.பி.எஸ். காணாமல் போனது வரைபடம். வீட்டிலேயே தரவிறக்கம் செய்து வைத்திருந்தால் அதுவும் இருந்திருக்கும். உங்கள் சோம்பலுக்குச் செயற்கைக்கோள் பொறுப்பல்ல.

நான்காம்கியர்:
வெறும் புள்ளியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சிம்மைக் கழற்றிவிட்டு, புதிய ஊரில் கைபேசியை இயக்கிப் பாருங்கள். புள்ளி எப்போது வருகிறது என்று அப்போது பேசுவோம்.

வரைபடப்பித்தன்:
வரும், தாமதமாக. இணையம் இருந்தால் செயற்கைக்கோள்களின் பாதை விவரம் நொடியில் கைபேசிக்கு வந்துவிடும். இல்லையென்றால் வானத்திலிருந்தே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்கிறது. நெடுநாள் மூடிவைத்த உங்கள் அருமைக் கருவியும் இதே வரிசையில்தான் காத்து நிற்கும். தாமதம் வேறு, நின்றுபோவது வேறு. நீங்கள் எழுதியது “நின்றுவிடும்”.

சாலைக்காகம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கைபேசியை வெயிலில் கண்ணாடியோரம் மாட்டி, சார்ஜும் ஏற்றினால் சூடாகித் திரை மங்கிவிடுகிறது. திருப்பத்தில் அழைப்பு வந்தால் வரைபடத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. தனிக் கருவி வாங்க இதைவிட என்ன காரணம் வேண்டும்?

வரைபடப்பித்தன்:
அது நல்ல காரணம். ஆனால் டவர் காரணமல்ல.

பின்கண்ணாடி:
பழைய கருவியை மலிவாக வாங்க நினைப்பவர்கள் கவனியுங்கள். 2019 ஏப்ரல் 6 அன்று ஜி.பி.எஸ். தேதியைக் கணக்கிட வைத்திருக்கும் வார எண் 1,023ஐத் தாண்டிப் பூஜ்யத்துக்குத் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத சில கருவிகள் அதன்பின் தேதியைத் தவறாகக் காட்டின. ஜி.பி.எஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களையும் பிடிக்கிற கருவியாகப் பாருங்கள், உயரமான கட்டடங்களுக்கு நடுவே உதவும்.

நான்காம்கியர்:
வரைபடப்பித்தன் இப்படித்தான். டயரில் நைட்ரஜன் நிரப்புவது பற்றி நான் எழுதியபோதும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

வரைபடப்பித்தன்:
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் என்றேன். இன்றுவரை பதில் வரவில்லை.

மைல்கல்:
5 அங்குலமா, 7 அங்குலமா?

பின்கண்ணாடி:
5. பெரியதைக் கண்ணாடியில் ஒட்டினால் சாலையை மறைக்கும். ஓட்டுநர் பக்கத்துக் கீழ் மூலையில் ஒட்டுங்கள்.

சாலைக்காகம்:
கண்ணாடியிலா? வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியாக இருந்தால் சிக்னலே உள்ளே நுழையாது. டேஷ்போர்டில் வையுங்கள்.

பின்கண்ணாடி:
டேஷ்போர்டில் வைத்தாலும் சிக்னல் அதே கண்ணாடி வழியாகத்தானே வர வேண்டும்? எழுதுமுன் யோசிக்கும் பழக்கம் உண்டா?

சாலைக்காகம்:
உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

வரைபடப்பித்தன்:
இருவரும் வேறு இடத்தில் சண்டை போடுங்கள். நான்காம்கியர் இன்னும் பதில் சொல்லவில்லை. டவர் வேண்டுமா, வேண்டாமா?

நான்காம்கியர்:
வழி தெரிய வேண்டும். என் கைபேசி டவர் இல்லாமல் வழி சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்ததை உங்கள் 20,200 கிலோமீட்டர் மாற்றாது.

வரைபடப்பித்தன்:
நீங்கள் கண்ணால் பார்த்தது நீலப் புள்ளியை. உங்கள் பழைய பதிவுகளிலிருந்தும் இதுபோன்ற முத்துக்களைத் தேடி எடுத்து நாளை வரிசையாகப் போடுகிறேன்.

நான்காம்கியர்:
தாராளமாகப் போடுங்கள். அதற்கும் டவர் வேண்டும்.

வரைபடப்பித்தன்:
பதிவு போட வேண்டும். இடம் அறிய வேண்டாம். இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.